தங்கை உட்கார்ந்திருந்த சனிக்கிழமைகள்

என் தங்கை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அவளுடைய ஃபோனுக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் ஃபோனைக் கழற்றிவிட்டு அதே வயரில் அவளுடையதைச் சொருகிவிட்டுப் போவேன். அதைத் திறக்கிற எண் எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. ஆனால் பூட்டியிருந்தாலும், வருகிற செய்தியின் முதல் இரண்டு வரி திரையில் தெரியும். துணிக்கடை விளம்பரம் வரும். அவள் வேலை பார்த்த பாலர் பள்ளி டீச்சர்கள் பூப்படம் போட்டு அனுப்புகிற காலை வணக்கம் வரும். வியாழக்கிழமைதோறும் ஆங்கிலத்தில் ஒன்று தவறாமல் வரும்: சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தியானத்துக்கு உட்காருகிறோம், புதியவர்களும் வரலாம். கீழே பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற ஒரு பௌத்த விகாரையின் விலாசம்.

எல்லாருக்கும் பொதுவாக அனுப்புகிற செய்தி என்று முதலில் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. அது அவளுக்கு மட்டும் வந்தது. 'கொஞ்ச வாரமாக உங்களைக் காணவில்லையே, நலம்தானே?'

அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ நலம் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவள் இல்லை. நான் சொல்லலாமென்றால் ஃபோன் திறக்கவில்லை. கடையில் கொடுத்தால் திறந்து தருவார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். அவள் பூட்டி வைத்ததை அந்நியன் ஒருவன் திறப்பதில் எனக்கு மனசில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் முறை என்று தோன்றியது.

நாங்கள் இரண்டே பேர். கிள்ளானில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருபது வருஷத்துக்கு மேலாக இருந்தோம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு அமைந்தது ஒன்றரை வருஷத்தில் முறிந்து, ஒரு சூட்கேசோடு என்னிடம் வந்தாள். வந்த அன்றைக்கே, "உன் தலையணை கல்லு மாதிரி இருக்குக்கா, எப்படிப் படுக்கிற?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் இரண்டு புதுத் தலையணை வாங்கி வந்தவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கிளார்க். அவள் பாலர் பள்ளி டீச்சர். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

இருமல்தான் முதலில் வந்தது. பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று அவள் சொன்னாள். நானும் நம்பினேன். பிறகு மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். நுரையீரல் தடித்து இறுகிக்கொண்டே போகிற நோய், திரும்பச் சரியாகாது என்று டாக்டர் சொன்னார். கடைசி பதினான்கு மாதம் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தது. சின்ன அலமாரி அளவு பெட்டி. இருபத்து நாலு மணி நேரமும் குர்ரென்று ஓடும், சில நொடிக்கு ஒரு தடவை புஸ்ஸென்று மூச்சு விடும். நீளமான குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அவள் ஹாலிலிருந்து குளியலறை வரைக்கும் நடக்கலாம். வாசல் வரைக்கும் எட்டாது.

அந்தப் பதினான்கு மாதத்தில் நான் உட்காரவேயில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சமையல், துணி, அவளுக்கு வெந்நீர், மெஷினில் தூசி துடைக்கிறது, தரை துடைக்கிறது. தூசி ஆகாது என்று டாக்டர் ஒரு தடவை சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீட்டைத் துடைத்தேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கொஞ்சம் சும்மா உக்காரேன்க்கா."

"குழம்பு கொதிக்குது. இரு, வரேன்."

இந்த 'இரு, வரேன்' எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. போய் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்பது தெரிந்துபோகும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது குழம்பு கொதித்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் நான் சமையலறை மேசையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு விகாரைல தியானம் சொல்லித் தர்றாங்களாம். போக முடியாதவங்க ஆன்லைன்ல சேரலாமாம். மூச்சைக் கவனிக்கச் சொல்லித் தருவாங்களாம். நம்ம ரெண்டு பேரும் சேர்வோமா?"

அன்றைக்கு ஆபீசில் ஏதோ சண்டை. கை முழுக்க மீன் நாற்றம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்: "மூச்சு விடவே முடியாதவ மூச்சைக் கவனிச்சு என்ன பண்ணப் போற?"

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான் லா," என்றாள். கொஞ்ச நேரம் நெத்திலித் தலைகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கித் தந்தாள். பிறகு எழுந்து போனாள். அந்தப் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான், "சனிக்கிழமை மீன் வாங்கப் பாசாருக்குப் போனா அவசரப்படாதக்கா. அப்படியே கோயிலுக்கும் போயிட்டு மெதுவா வா," என்று சொல்ல ஆரம்பித்தாள். என் துடைப்பத்திலிருந்தும் வாளியிலிருந்தும் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தது நான்கே நாள். நாலாவது நாள் காலையில் ஆக்சிஜன் முகமூடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஃபிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்திருந்தது. அவள் கண் திறந்ததும், "இரு, வரேன்," என்று சொல்லிவிட்டு நடைவழியின் கோடிக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். திரும்பி வந்தபோது நர்ஸ் திரையை இழுத்து மூடியிருந்தாள். ஃபிளாஸ்க் கையில் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அவள் போய் ஐந்தாவது சனிக்கிழமை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி நடந்தேன். வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'உங்கள் வகுப்பில் இருந்தவளின் அக்கா நான். அவள் தவறிவிட்டாள்.' அதைச் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்பதுதான் எண்ணம்.

வாசலில் செருப்பு அடுக்குகிற தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெண் நின்று வருகிறவர்களை வரவேற்றாள். நாற்பது வயதிருக்கும், குட்டை முடி, வெள்ளைச் சட்டை. அவள் பங்சாரில் பல் டாக்டர், சனிக்கிழமைகளில் இங்கே புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறவள் என்பது பிறகுதான் தெரியும். என்னைப் பார்த்ததும், "புதுசா, சிஸ்டர்?" என்று கேட்டாள். அந்த இடத்தில் எல்லாரும் எல்லாரையும் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அது தெரியாது. சிஸ்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தரையில் மெத்தை போட்டிருந்தது. முட்டிவலிக்காரர்களுக்குப் பின்னால் நாற்காலி வரிசை. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுத் தமிழர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எங்கேர்ந்து வரீங்கம்மா?" என்று கேட்டார்.

"சுபாங் ஜெயா, அங்கிள்," என்றேன். கிள்ளான் என்று சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போகுமோ என்ற பயம். புத்தர் சிலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறோமே என்றும் இருந்தது.

பல் டாக்டர் மணியை ஒரு தடவை தட்டினாள். மெதுவான ஆங்கிலத்தில் சொன்னாள். மூச்சை மாற்ற வேண்டாம், நீட்ட வேண்டாம். உள்ளே வரும்போது வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியே போகும்போது போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மனசு வேறெங்காவது ஓடினால், ஓடிவிட்டது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

கண்ணை மூடினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது மூச்சிலேயே நான் எண்ணிக்கொண்டிருந்தது என் மூச்சை அல்ல. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று பதினான்கு மாதம் நான் எண்ணியது அவளுடைய மூச்சை. முதலில் இருபத்தெட்டு. பிறகு முப்பத்திரண்டு. கடைசியில் எண்ண முடியாத வேகம், கழுத்து நரம்புகள் தெறிக்க. என் நெஞ்சும் அதே வேகத்துக்குப் போய்விட்டது. அறையில் காற்றே இல்லை போலிருந்தது. எழுந்து, யார் காலையோ மிதித்து, வெளியே வந்து செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்காரும் நேரம் முடிந்ததும் பல் டாக்டர் வெளியே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள், முதுகில் தட்டவில்லை. "மூச்சு கஷ்டமாக இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள்.

தலையாட்டினேன்.

"சிலருக்கு அப்படித்தான். மூச்சைத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதம் எங்கே இருக்கிறது இப்போது?"

குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் இருந்தது.

"சூடா, குளிரா?"

"குளிர்."

"அது போதும். அடுத்த வாரம் மூச்சு வேண்டாம். பாதம் மட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தேன். கிள்ளான் வரைக்கும் காலுக்கடியில் ரயில் அதிர்வதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஷா ஆலம் தாண்டியதே தெரியவில்லை.

இப்படித்தான் நான் தியானம் கற்க ஆரம்பித்தேன். புத்த சமயம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நெற்றியில் விபூதியோடுதான் போவேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் தினமும் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார்கள். ஹாலில் உட்கார முடியவில்லை, அங்கே அவள் கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சமையலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து ஃபோனில் ஐந்து நிமிஷம் வைப்பேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, அடுப்பில் கறை தெரியும். துடைத்துவிட்டு வந்து உட்காருவேன். வாஷிங் மெஷின் முடிந்துவிட்டதா என்று எழுந்து போவேன். ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை எழுந்த நாள் உண்டு.

இரண்டாவது வாரம் இதைச் சொன்னபோது பல் டாக்டர் சிரித்தாள். "எழுந்திருக்கத் தோன்றினால் உடனே எழாதீர்கள். 'எழ வேண்டும் போலிருக்கிறது' என்று மனசுக்குள் சொல்லுங்கள். மூன்று தடவை சொல்லுங்கள். பிறகும் தோன்றினால் தாராளமாக எழுங்கள்."

செய்து பார்த்தேன். முதல் தடவை சொல்லும்போது கால் துடிக்கும். இரண்டாவது தடவை கண் அடுப்புப் பக்கம் போகும். மூன்றாவது தடவை சொல்வதற்குள் கை துடைக்கிற துணியைத் தேடும். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் நான் எழுந்து ஓடியது கறையைத் துடைக்க அல்ல. நின்றால் ஏதோ வந்துவிடும் என்றுதான் ஓடியிருக்கிறேன். ஒரு நாள் ஓடாமல் உட்கார்ந்தேன். வந்தது. மூச்சு விடவே முடியாதவ மூச்சைக் கவனிச்சு என்ன பண்ணப் போற. என் குரலிலேயே, அன்றைக்குச் சொன்ன அதே எரிச்சலோடு வந்தது. முக்காலியிலேயே அழுதேன். ஐந்து நிமிஷம் முடிந்து ஃபோன் அடித்தது, அணைக்கக்கூடக் கை போகவில்லை.

அழுதால் பாரம் குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் குறையவில்லை. மறுநாளும் அதே எடைதான். ஆனால் மறுநாளும் உட்கார்ந்தேன்.

நான் போன நான்காவது சனிக்கிழமை, விகாரைக்குப் பக்கத்தில் ஏதோ கட்டட வேலை. உட்கார்ந்த அரை மணி நேரமும் துளை போடுகிற மெஷின் மண்டைக்குள் இறங்கியது. முடிந்ததும் புதிதாக வந்திருந்த ஒரு பெண் குறைபட்டுக்கொண்டாள். "இவ்வளவு சத்தத்தில் எப்படி உட்காருவது?"

பல் டாக்டர் மணியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "எங்களோடு ஆன்லைனில் ஒருவர் உட்காருவார். கிள்ளானிலிருந்து. வீடியோ போடமாட்டார், குரல் மட்டும்தான். பேசாதபோது மைக்கை அணைத்தே வைத்திருப்பார். ஏன் என்று கேட்டேன். ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, உங்களுக்கெல்லாம் தொந்தரவு என்றார். அணைக்க வேண்டாம், அந்தச் சத்தத்தோடு உட்காருகிறோம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஹாலில் ஸ்பீக்கர் வழியாக அந்த மெஷின் ஓடும். நாங்கள் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டே உட்காருவோம். கொஞ்ச நாளில் அது எங்களுக்குப் பழகிவிட்டது."

ரயில்வே அங்கிள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "குர்ருன்னு ஓடும்மா. நடுவுல புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். எனக்கு அது இல்லாம இப்ப உக்காரவே ஒரு மாதிரி இருக்கு."

பல் டாக்டர் தொடர்ந்தாள். "அவருக்கும் மூச்சைக் கவனிக்க முடியவில்லை. மூச்சுக்குப் போனாலே பயம் வருகிறது என்றார். அப்படியானால் சத்தத்தைக் கேளுங்கள், வீட்டில் என்ன சத்தம் இருக்கிறது என்று கேட்டேன். மெஷின் இருக்கிறது, என் அக்கா இருக்கிறாள் என்றார். அக்கா ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாளாம். வாளி, தண்ணீர், கத்தி, செருப்பு என்று ஏதாவது சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். வாரநாளில் அதைக் கேட்டுக்கொண்டேதான் பழகுகிறேன் என்று சொன்னார்."

சொல்லிவிட்டு அவள் மணியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். "இப்போது சில வாரமாக வருவதில்லை. செய்தி அனுப்பினேன். பதில் இல்லை."

நான் வாயைத் திறந்தது எனக்கே தெரியாது. "அது என் தங்கச்சி," என்றேன். தமிழில் சொன்னேன். அங்கிளுக்கு மட்டும்தான் புரிந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீங்க சுபாங் ஜெயான்னு..."

"இல்லை அங்கிள். கிள்ளான். அவ இல்ல இப்ப. ரெண்டு மாசம் ஆச்சு."

அங்கிள் அதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. பல் டாக்டர் கையிலிருந்த மணியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்காமலே கேட்டாள், "வலி இருந்ததா, கடைசியில்?"

"தூங்கிக்கொண்டிருந்தாள்," என்றேன். கண் திறந்ததையும் ஃபிளாஸ்கையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னும் பல வாரம் ஆனது.

அன்றைக்கு யாரும் உடனே கலையவில்லை. எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. துளை போடுகிற மெஷின் நிற்காமல் ஓடியது. கடைசியில் தங்கை பேரைச் சொல்லி, எங்கிருந்தாலும் நலமாக இருக்கட்டும் என்றார்கள். பேரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத சீன வாய்கள் அதைச் சொன்னபோது, நாலைந்து விதமாகக் கேட்டது.

இதைக் கேட்கிறவர்கள் எனக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பார்த்தாயா, நீ அவளோடுதான் இருந்திருக்கிறாய், உன் சத்தத்தில்தான் அவள் அமைதியாக இருந்திருக்கிறாள் என்கிறார்கள். உண்மைதான். அதை நினைத்தால் நெஞ்சு கொஞ்சம் இளகவும் செய்கிறது. ஆனால் அவள் கேட்டது என் சத்தத்தை அல்ல. கொஞ்சம் சும்மா உக்காரேன்க்கா என்று கேட்டாள். நான் உட்காராததால் கிடைத்ததை வைத்துக்கொண்டு அவள் சமாளித்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆன்லைனிலோ எப்படியோ, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நான் இருந்திருக்கலாம். பாசாரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டும் எனக்குள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை.

ஆறேழு மாதம் கழித்து, செமினியில் ஒரு தோட்ட வீட்டில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். அங்கிள் காரில்தான் போனோம், முன்னால் பல் டாக்டர், பின்னால் நான். காலையிலிருந்து பேசக்கூடாது. உட்காருவது, நடப்பது, மறுபடி உட்காருவது. நடக்கும்போது ஒவ்வொரு அடியாக, தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று கவனிக்க வேண்டும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு கட்டத்தில் என் வயிறு மெதுவாக ஏறி இறங்குவதைக் கவனித்தேன். நான் தேடிப் போகவில்லை, அதுவாகத் தெரிந்தது. எந்தத் தடங்கலும் இல்லாத மூச்சு. நிமிஷத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். உடம்பு பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமாக எனக்குக் கிடைக்கிறதே என்று நினைத்ததும் கால் அதற்குமேல் நகரவில்லை. புல்வெளி நடுவில் நின்றுவிட்டேன். என்னைச் சுற்றி மற்றவர்கள் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். பேசக்கூடாத நாள் என்பதால் யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுவே நல்லதாக இருந்தது. அழுது முடித்துவிட்டு அடுத்த அடியைத் தூக்கி வைத்தேன்.

சாயங்காலம் பயிற்சி முடிந்து செமினியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். தே ஓ என்கிற பாலில்லாத டீ வந்தது. அங்கிள் அதை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி எப்படி இருப்பாங்க? நாங்க பாத்ததே இல்லையே."

எனக்கு அது உறைக்கவேயில்லை இத்தனை நாளும். ஏழெட்டு மாதம் அவளோடு உட்கார்ந்தவர்கள், அவள் மெஷினைப் பிரிந்து ஏங்கியவர்கள், அவள் முகத்தைப் பார்த்ததில்லை. என் ஃபோனை எடுத்தேன். குழாய் மாட்டாத படமாகத் தேடினேன். பாலர் பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் எடுத்தது கிடைத்தது. தலையில் பேப்பர் தொப்பி, கையில் விசில், பக்கத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்க இவள் எதற்கோ சிரிக்கிறாள்.

அங்கிள் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இவ்ளோ ஒல்லியா?" என்றார். "குரலைக் கேட்டு நல்லா வாட்டசாட்டமா இருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்."

"நாப்பது கிலோ தாண்டினதே இல்ல அங்கிள். வாய் மட்டும்தான் பெருசு."

அவர் சிரித்தார். பல் டாக்டர் என்ன சொன்னோம் என்று கேட்டாள், அங்கிள் சொன்னார், அவளும் சிரித்தாள். நானும் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முடியாமல் போய், கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பல் டாக்டர் கிளாஸ்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன்.